எண்ணெய் என்றால் என்ன? பைபிள் உவமைகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில், விளக்கோடு மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னிகைகள் உவமை வருகிறது. ஐந்து பேர் கூடுதலாக எண்ணெய் எடுத்து வந்தார்கள், ஐந்து பேர் எடுத்து வரவில்லை. சரி, அந்த எண்ணெய் எது? சென்னையில் ஒரே ஞாயிற்றுக்கிழமை நாலு இடத்தில் கேட்டுப் பாருங்கள், நாலு பதில் வரும். அம்பத்தூர் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் பரிசுத்த ஆவி என்பார்கள். லுத்தரன் வேதபாட வகுப்பில் விசுவாசம் என்பார்கள். கத்தோலிக்கரின் அன்பியக் கூட்டத்தில் நற்செயல்கள் என்ற பதில் கிடைக்கலாம். ஜெப வாழ்க்கை என்று சொல்கிற பாஸ்டர்களும் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம், ஏழைகளுக்குக் கொடுக்கும் தர்மம்தான் அந்த எண்ணெய் என்றார்.

நம் ஊரில் அதிகம் காதில் விழுவது பரிசுத்த ஆவி என்ற பதில்தான். அதையே கதைக்குள் வைத்துப் பார்ப்போம். புத்தியுள்ள கன்னிகைகள் மற்றவர்களிடம், "விற்கிறவர்களிடத்தில் போய், உங்களுக்காக வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். எண்ணெய் ஆவியானவர் என்றால் அதை விற்கிற கடைக்காரர் யார்? அப்போஸ்தலர் 8இல் சீமோன் என்ற மாயவித்தைக்காரன் அந்த வரத்துக்காகப் பணம் நீட்டியபோது, உன் பணம் உன்னோடு நாசமாய்ப் போகட்டும் என்று பேதுரு விரட்டினாரே! கதையை இன்னும் கொஞ்சம் பார்த்தால், புத்தியுள்ள ஐந்து பேரும்கூடத் தூங்கித்தான் போனார்கள். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த ஒரே வித்தியாசம், மணவாளன் வரத் தாமதமானாலும் சமாளிக்கத் தயாராக வந்திருந்தார்கள் என்பதுதான். எண்ணெய்க்குக் கதையில் உள்ள வேலை அவ்வளவே.

எண்ணெய் எது என்று ஒன்றரை மணி நேரம் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது. எதிர்பார்த்தது நடக்கத் தாமதமானால் நீ என்ன செய்வாய் என்று கதை நம்மைக் கேட்பதைத் தொடாமலேயே வீட்டுக்குப் போய்விடலாம். உவமைகளை வாசிப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை என்பது என் எண்ணம். அறிவுக் குறைவால் வருபவை குறைவு. கதை நம் மேல் பாயாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியத்தால் வருபவைதான் அதிகம்.

எல்லாப் பொருளுக்கும் ஓர் அர்த்தம் ஒட்டுவது

இதில் நம் பாஸ்டர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பழங்காலத் திருச்சபையின் பெரிய அறிஞரான அகுஸ்தீனே செய்திருக்கிறார். கள்ளரிடம் அடிபட்டு வழியில் கிடந்தவனை ஒரு சமாரியன் காப்பாற்றிச் சத்திரத்தில் சேர்க்கிற நல்ல சமாரியன் கதையில், எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போய் அடிபட்டவன் ஆதாம் என்றார். எருசலேம் பரலோகம். எரிகோ நிலா, அது வளர்ந்து தேய்வது போல நாமும் சாகிறவர்கள். கள்ளர்கள் பிசாசும் அவன் தூதர்களும். உதவாமல் விலகிப் போன ஆசாரியனும் ஆலய ஊழியனான லேவியனும் பழைய ஏற்பாடு. சமாரியன் இயேசு. சத்திரம் திருச்சபை. சத்திரக்காரன் அப்போஸ்தலன் பவுல்!

இந்தக் கதையை இயேசு சொன்ன நாளில் பவுல் அவருடைய சீஷனே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எவருக்கும் சத்திரக்காரனைப் பவுல் என்று நினைக்க வழியில்லை. அதைவிட முக்கியம், "எனக்குப் பிறன் யார்?" என்று ஒருவர் கேட்டதற்குப் பதிலாகத்தான் இந்தக் கதையே வந்தது. அகுஸ்தீனின் விளக்கத்தில் ஆதாம் முதல் பவுல் வரை எல்லாரும் வந்துவிட்டார்கள், அந்தக் கேள்வியை மட்டும் காணோம்.

16ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தவாதி கால்வின் இந்த மாதிரி விளக்கத்தை ஒதுக்கினார். 1880களில் அடால்ஃப் யூலிஷர் என்ற ஜெர்மானிய அறிஞர் இன்னும் ஒரு படி போய், ஓர் உவமைக்கு ஒரே ஒரு கருத்துதான், மற்றவை எல்லாம் கதைக்கான சாமான்கள் என்றார். நல்ல கடிவாளம்தான். ஆனால் இழுத்த இழுப்பு அதிகம். மாற்கு 4இல் விதைக்கிறவன் உவமைக்கு வழியோரம், கற்பாறை, முள், நல்ல நிலம் என்று ஒவ்வொன்றாக விளக்கம் சொல்லப்படுகிறது. மத்தேயு 13இல் களைகள் உவமைக்கும் அப்படியே. அந்த விளக்கங்கள் இயேசு சொன்னவை அல்ல, பின்னால் சபை சேர்த்தவை என்று யூலிஷர் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சண்டை இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். பள்ளியில் பிறிது மொழிதல் அணி என்று மனப்பாடம் செய்திருப்போம். அச்சு எதைக் குறிக்கிறது, மயில் எதைக் குறிக்கிறது என்று எந்தத் தமிழாசிரியரும் கேட்டதில்லை. சங்க அகப்பாடல்களின் உள்ளுறை வேறு வகை. மருத நிலத்தில் எருமை பூவை மேய்ந்தால், எருமை தலைவன், பூ பரத்தை என்று பொருத்தியே வாசிக்கிறோம். அங்கேயும் திணைக்குரிய கருப்பொருளை வைத்துத்தான் பொருத்த வேண்டும், இஷ்டத்துக்கு முடியாது. பைபிளிலும் இரண்டு வகையும் இருக்கின்றன. விதைக்கிறவன் கதையில் பொருத்தம் சொல்லப்பட்டிருக்கிறது, ஏற்றுக்கொள்ளலாம். கன்னிகைகள் கதையில் சொல்லப்படவில்லை, நாமாக உண்டாக்க வேண்டாம்.

யாரிடம் சொன்னது என்று பார்க்காமல் விடுவது

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, அந்த ஒரு வசனத்தோடு வருஷத்தைத் தொடங்குகிறவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் தப்பு சொல்ல வரவில்லை. ஆனால் உவமையை அப்படித் தனியாகப் பிய்த்தெடுத்தால் பாதி உயிர் போய்விடும்.

அப்பாவின் சொத்தில் பங்கு வாங்கி அழித்துவிட்டு வீடு திரும்பும் கெட்ட குமாரன் கதையைப் பாருங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி நாடகங்களில் பன்றி மேய்க்கும் காட்சிக்குத்தான் கைதட்டல். அப்பா ஓடி வந்து கட்டிப்பிடித்ததும் பாட்டு, திரை. மூத்த மகனுக்குப் பெரும்பாலும் ஆளே போடுவதில்லை. லூக்கா 15இன் முதல் இரண்டு வசனங்களைப் படித்தால் கதை யாருக்காக என்று தெரியும். இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடு சாப்பிடுகிறார் என்று யூத மதத் தலைவர்களான பரிசேயரும் வேதபாரகரும் இயேசுவைப் பற்றி முறுமுறுத்தார்கள். அவர்களுக்குப் பதிலாகத்தான் காணாமல்போன ஆடு, காணாமல்போன காசு, அப்புறம் இந்த இரண்டு மகன்கள். விருந்துக்கு வர மாட்டேன் என்று முற்றத்தில் கோபமாக நிற்கிற மூத்தவன், முறுமுறுத்தவர்களின் முகத்துக்கு நேராகப் பிடித்த பாத்திரம். அவன் கடைசியில் உள்ளே போனானா என்று லூக்கா சொல்லவே இல்லை. அவர்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும். வாராவாரம் தவறாமல் ஆலயத்துக்கு வந்து, காணிக்கை போட்டு, புதிதாக வந்த குடும்பத்தை ஒரு மாதிரி பார்க்கிறவர்களும்தான். நாடகத்தில் அவனை வெட்டிவிடுவது ஏன் வசதியாக இருக்கிறது என்று புரிகிறதா?

மத்தேயு 20இன் திராட்சத்தோட்ட வேலையாட்கள் கதையும் இதே மாதிரி. காலை ஆறு ஏழு மணிக்குச் சென்னையின் சில முச்சந்திகளில் சாப்பாட்டுத் தூக்கோடு கட்டட வேலைக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. மேஸ்திரி வந்து ஆள் பொறுக்குவான், மிச்சப்பட்டவர்கள் நிற்பார்கள். கதையில் கடைசியாக ஆள் எடுத்த பதினோராம் மணி என்பது சாயங்காலம் ஐந்து மணி, விடியலிலிருந்து எண்ணும் கணக்கு. ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் பகல் முழுக்க வெயிலில் வெந்தவனுக்கும் ஒரே கூலி.

இதைக் கேட்டதும் கடைசி நேரத்தில் மனம் திரும்பினாலும் மோட்சம் உண்டு என்ற பாடத்துக்குத் தாவிவிடுகிறோம். கதை கிளம்பிய இடம் முந்தைய அதிகாரத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, "எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று பேதுரு கேட்கிறார் (19:27). முந்தினோர் பிந்தினோராவார்கள் என்று அந்த அதிகாரம் முடிகிறது. அதே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு உவமையும் முடிகிறது. ஆகவே இது ரொம்ப நாளாக ஊழியத்தில் இருக்கிறவர்களின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிய கதை. நடுவில் 20 என்ற எண் வந்து இரண்டையும் வெட்டிவிட்டது. இன்றுள்ள அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்கள் 1551இல் வந்தன. மத்தேயு இப்படி வெட்டி எழுதவில்லை. உவமை வருகிற அதிகாரத்துக்கு முன் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

சமாரியனை நல்லவனாக்கிவிடுவது

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவர்மீது வழக்குத் தொல்லை வராமல் காக்கும் அந்தப் பிரிவு, அவரை ஆங்கிலத்தில் நல்ல சமாரியன் என்றே குறிப்பிடுகிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தப் பெயர் இப்படி ஊரறிந்த நல்ல பெயரானதும் உவமையின் முள் மழுங்கிவிட்டது. சமாரியன் என்றால் உதவி செய்கிறவன், நாமும் உதவி செய்ய வேண்டும், ஆமென்.

லூக்கா 10க்கு முந்தைய அதிகாரத்தில் என்ன நடந்தது? ஒரு சமாரியக் கிராமம் இயேசுவை உள்ளே சேர்க்கவில்லை. யாக்கோபும் யோவானும், வானத்திலிருந்து அக்கினி இறங்கி இவர்களை அழிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். சீஷர்களே அப்படி. யூதருக்கும் சமாரியருக்கும் இருந்த பகை பழையது. கெரிசீம் மலையில் சமாரியருக்கு இருந்த ஆலயத்தை இயேசுவுக்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்பே யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானு இடித்திருந்தார். இரு பக்கமும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத உறவு.

அப்படிப்பட்ட கூட்டத்தின் முன்னால் கதை ஓடுகிறது. ஆசாரியன் விலகிப் போனான். லேவியன் விலகிப் போனான். அடுத்து வருகிறவன் நம்மைப் போல ஒரு சாதாரண யூதனாக இருப்பான் என்று காத்திருந்தவர்கள் முன்னால் சமாரியன் வந்து நிற்கிறான். முடிவில், மூன்று பேரில் எவன் பிறனாக இருந்தான் என்று இயேசு கேட்கிறார். முதலில் கேள்வி கேட்ட நியாயசாஸ்திரி, அதாவது வேதச் சட்ட அறிஞர், "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்கிறார். சமாரியன் என்ற சொல்லை அவர் வாயில் எடுக்கவே இல்லை. மறைபொருள் வேண்டும் என்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கதையில் நமக்குப் பிடித்த வேஷம் சமாரியனுடையது. கழுதை, எண்ணெய், திராட்சரசம், சத்திரச் செலவு எல்லாம் நம் கையில். ஆனால் கேள்வி கேட்ட யூதருக்குக் கதையில் கிடைத்த இடம் வழியில் அரை உயிராகக் கிடக்கிறவனுடையது. நீ யாரோடு பந்தியில் உட்கார மாட்டாயோ அவன் கையால் பிழைக்கச் சம்மதமா என்பதுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் வரன் தேடும் பக்கத்தில் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் போடுகிற கிறிஸ்தவர்கள் நாம். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிக்காகச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. எரிகோ நிலாவைக் குறிக்கிறதா என்ற ஆராய்ச்சி இந்தப் பேச்சைவிட எவ்வளவோ பாதுகாப்பானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசாரியன் ஏன் விலகினான் என்று கதை சொல்லவில்லை. யூத மதமே கல் மனசு மதம் என்று இதை வைத்துப் பிரசங்கம் கட்டுவது அநியாயம். சொன்னவரும் யூதர், கேட்டவர்களும் யூதர்.

எஜமான் என்றாலே கடவுள் என்று எடுத்துக்கொள்வது

லூக்கா 18இன் நியாயாதிபதி கடவுளுக்கும் பயப்படாதவன், மனுஷரையும் மதிக்காதவன். விதவையின் தொல்லை தாங்காமல் நியாயம் செய்கிறான். இதை வைத்து, விடாமல் நச்சரித்தால் கடவுளும் இறங்கி வருவார் என்று முழு இரவு ஜெபங்களில் சொல்லப்படுகிறது. கதை நேர் எதிர்த்திசையில் போகிறது. இப்படிப்பட்டவனே செய்வான் என்றால் கடவுள் செய்யமாட்டாரா என்பது வாதம். லூக்கா 16இல் எஜமானின் சொத்தைக் கவனித்துக் கள்ளக் கணக்கு எழுதிய உக்கிராணக்காரனும் அப்படித்தான். நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பது என்று மாற்றி எழுதச் சொன்னவனின் நேர்மையை எஜமான் பாராட்டவில்லை, புத்தியைத்தான் பாராட்டினான்.

பெரிய அளவுகளைச் சின்னதாக்குவது

மத்தேயு 18இல் ஒரு வேலைக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ராஜா அதை மன்னித்துவிடுகிறார். சக வேலைக்காரன் இவனிடம் வாங்கிய கடன் நூறு வெள்ளிப்பணம், அதை இவன் மன்னிக்கவில்லை. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். இன்று ஒரு நாள் கூலியை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நூறு வெள்ளிப்பணம் ஒரு லட்சம் ரூபாய். பதினாயிரம் தாலந்து 6,000 கோடி! "எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அவன் ராஜாவிடம் சொல்வதைக் கேட்டு அன்றைய கூட்டம் சிரித்திருக்க வேண்டும். ஒரு லட்சமும் சின்னத் தொகை இல்லை என்பதையும் கவனிக்கணும். மன்னிக்க வேண்டிய கடன் நிஜமாகவே வலிக்கிற கடன்தான்.

பணக்காரன் ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற வசனத்துக்கும் இதே கதிதான். எருசலேமில் ஊசிக்காது என்று ஒரு குறுகிய வாசல் இருந்ததாம், ஒட்டகம் மூட்டையை இறக்கி, முழங்காலிட்டு நுழையுமாம். எத்தனை கன்வென்ஷன் மேடைகளில் ஒலித்த விளக்கம்! இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்றே இல்லை. பணக்காரர் கொஞ்சம் குனிந்தால் போதும் என்று ஆக்கிவிடுவதால் அது செல்லுபடியாகிறது. சீஷர்களுக்கு அப்படிக் கேட்கவில்லை. அப்படியானால் யார்தான் ரட்சிக்கப்பட முடியும் என்று திகைத்துப்போனார்கள்.

அடையாளங்களுக்கு அகராதி வைத்துக்கொள்வது

புளித்த மாவு என்றால் பாவம், பறவை என்றால் பிசாசு என்று பைபிளின் ஓரத்தில் எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு. பரிசேயரின் புளித்த மாவைக் குறித்து எச்சரிக்கை இருப்பது உண்மை. ஆனால் மத்தேயு 13:33இல் பரலோகராஜ்யமே புளித்த மாவுக்கு ஒப்பாகிறது. சிங்கம் 1 பேதுரு 5:8இல் பிசாசு, வெளிப்படுத்தல் 5:5இல் கிறிஸ்து. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மறைபொருள் நமக்கு மட்டும் என்று நினைப்பது

கஷ்டமான இடம் மாற்கு 4:11-12. உங்களுக்கு ராஜ்யத்தின் இரகசியம் அருளப்பட்டது, புறம்பே இருக்கிறவர்களுக்கு எல்லாம் உவமைகளாகச் சொல்லப்படுகிறது, அவர்கள் கண்டும் காணாதபடிக்கு. இதைப் பிடித்துக்கொண்டு, ஆழமான வெளிப்பாடு எங்கள் சபையில்தான் என்று சொல்பவர்கள் சென்னையில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அதே அதிகாரத்தில் பத்து வசனம் தள்ளி, "வெளியரங்கமாகாத அந்தரங்கமுமில்லை" என்று வருகிறது. எட்டாம் அதிகாரத்தில், கண்களிருந்தும் காணவில்லையா என்று இயேசு கேட்பது வெளியாட்களை அல்ல, அந்த உள்வட்டச் சீஷர்களையே. நாலாம் அதிகாரத்தில் விளக்கம் கிடைத்தவர்கள் யார்? கதை முடிந்தும் போகாமல் நின்று கேட்டவர்கள்.

உவமை எதற்காக மறைக்கிறது என்று தெரிய 2 சாமுவேல் 12 போதும். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைச் சாகடித்த தாவீதிடம் நாத்தான் நேராகக் குற்றம் சாட்டவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரன் கதையைச் சொல்கிறார். தாவீது கொதித்து, அவன் சாக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகுதான் "நீயே அந்த மனுஷன்". கேட்பவன் வாயால் தீர்ப்பு வரும்வரைதான் அந்த மறைவு. மாற்கு 12இல் கொடிய தோட்டக்காரர் கதையைக் கேட்ட தலைவர்களுக்கும் அது தங்களைப் பற்றியது என்று அப்போதே புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அவரைப் பிடிக்கத் தேடினார்கள்.

கடைசியாக வெளிப்படுத்தல் புத்தகம். அது உவமை இல்லை, தரிசனம். ஆனாலும் மறைபொருள் வேட்டை அதிகம் நடப்பது அங்கேதான். அதில் மிருகத்தின் எண்ணாக வரும் 666 ஒரு காலத்தில் பார்கோடாக இருந்தது, ஆதார் வந்ததும் ஆதார் ஆனது, கொரோனா வந்ததும் வாட்ஸ்ஆப்பில் தடுப்பூசிக்குள் சிப் ஆனது. இன்றைய துருக்கியில் இருந்த ஏழு சபைகளுக்கு எழுதிய புத்தகம் அது. அவர்களிடம் "புத்தியுடையவன் கணக்குப் பார்க்கக்கடவன்" என்று சொல்லிவிட்டுப் பார்கோடை மனத்தில் வைத்திருப்பாரா யோவான்? ரோமப் பேரரசன் நீரோவின் நீரோ இராயன் என்ற பெயரை எபிரெய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய எண்களைக் கூட்டினால் 666 வருகிறது. இன்னொரு விதமாக எழுதினால் 616 வருகிறது, சில பழைய கைப்பிரதிகளில் அந்த எண்ணும் இருக்கிறது. அறிஞர்களில் பலர் இந்தக் கணக்கைத்தான் ஏற்கிறார்கள். இவ்வளவு பரபரப்புக்கு நடுவே, அதே புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நீ குளிருமல்ல அனலுமல்ல, ஐசுவரியவான் என்று சொல்லிக்கொள்கிறாய் என்று லவோதிக்கேயா சபைக்கு எழுதிய கடிதத்தை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. அதில் கணக்குப் போட ஒன்றும் இல்லை.

ஏறக்குறைய கி.பி. 180இல் இன்றைய பிரான்சின் லியோனில் ஆயராக இருந்த ஐரேனியஸ் காலத்திலேயே இந்த எண்ணை வைத்துப் பெயர் கண்டுபிடிப்பது தொடங்கிவிட்டது. பெயர் இப்போது தெரிய வேண்டும் என்றிருந்தால் தரிசனம் கண்டவரே சொல்லியிருப்பார், அவசரப்பட்டு அடித்துச் சொல்லாதீர்கள் என்று அவர் எழுதினார். அதற்கு முன்னால் அவரும் மூன்று பெயர்களைக் கூட்டிப் பார்த்துவிட்டார்.